மறு: 'ஒளிபுகு இயக்கம்' பொருந்துமா?

வணக்கம்.

> டிரான்ஸ்பரன்சிக்கு இயற்பியலில் 'ஒளிபுகுமை' இருக்கிறதே. 'ஒளிபுகு இயக்கம்' என்று வைத்துவிடலாம்.

ஒன்றையொன்று ஊடுருவி நகர்வதுபோல் கண்ணுக்குத் தெரியும் 'மோஷன் டிரான்ஸ்பரன்சி'க்கு (motion transparency) தமிழில் இப்படிப் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணில் படுவது என்ன என்பதிலிருந்து வருவோம். ஒரு கீற்றணி (இணையான கீற்றுகளின் வரிசை) வலப்பக்கம் மேல்நோக்கிச் சாய்வாக நகர்கிறது, இன்னொன்று வலப்பக்கம் கீழ்நோக்கி. ஒன்றன்மேல் ஒன்று போட்டால் பெரும்பாலும் இரண்டாகத் தெரியாது. கட்டம் போட்ட ஒரே துணி நேராக வலப்பக்கம் போவதுபோல் இருக்கும். ஏடல்சனும் மூவ்ஷனும் 1982இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கீற்றுகளின் நெருக்கத்தை இரண்டிலும் போதிய அளவு வேறுபடுத்தினால் துணி பிரிந்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த வழுக்கலுக்குத்தான் பெயர் தேடுகிறோம். ஸ்டோனர், ஆல்பிரைட், ராமச்சந்திரன் மூவரும் 1990இல் கீற்றுகள் வெட்டிக்கொள்ளும் சாய்சதுரத்தின் வெளிச்சத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு கீற்றின் வழியே மற்றது தெரிவதற்கு ஏற்ற அளவில் இருந்தால் பிரிந்தது, இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டது. சரி, இதுவரை 'ஒளிபுகு' செல்லும். ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளைத் தூவி, பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் ஓடவிடுங்கள். எந்தப் புள்ளி வழியாகவும் ஒளி புகவில்லை. ஆனாலும் இரண்டு புள்ளிப் படலங்கள் ஒன்றையொன்று கடந்து போவது பளிச்சென்று தெரியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

அதனால் 'ஊடுதெரி இயக்கம்' என்பது என் பரிந்துரை. 'ஊடியக்கம்' இன்னும் சுருக்கம்தான், ஆனால் யாரோ ஊடிக்கொண்டு போவதுபோல் ஒலிக்கிறது!

அப்புறம், இரண்டும் சேர்ந்து ஒரே துணியாக நகர்வதற்கு (coherent motion) எதிர்ச்சொல்லாக 'ஓரியல் இயக்கம்' வேண்டாம். பாடநூலில் ஓரியல் மூலங்கள் என்றால் அலைகளுக்கிடையே கட்ட வேறுபாடு மாறாதிருப்பது. இங்கே பேச்சு அதுவல்ல. 'ஒருமித்த இயக்கம்' போதும். இரண்டையும் ஜோடியாகவே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அந்தத் துணியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருமித்தும் ஊடுதெரிந்தும் மாறி மாறி வரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும் அடிக்கடி வந்து விழும்.

மூளையில் அசைவைப் பார்க்க உதவும் எம்.டி. (MT) பகுதியில் தனித்தனிக் கீற்றணியின் திசைக்குத் தூண்டப்படும் செல்களும் உண்டு, ஒருமித்த திசைக்குத் தூண்டப்படும் செல்களும் உண்டு. முறையே 'கூறுச் செல்', 'கோலச் செல்' எனலாமா? கோலம் என்றால் வாசல்தான் நினைவுக்கு வருகிறது என்பவர்கள் வேறு சொல் தரவும்.