மாதவிலக்கு நிற்கும் வயதில் அம்மாவின் மனநிலை மாற்றங்கள்: வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 47 வயது. எதையும் பொறுத்துப்போகும் சுபாவமுடைய அவர், கடந்த ஓராண்டாகச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் எரிந்து விழுகிறார். சென்ற வாரம் பால் பொங்கி வழிந்துவிட்டது என்பதற்காகத் தம்பியைத் திட்டித் தீர்த்தவர், அன்றிரவு அவனுக்குச் சோறு போடும்போது கண் கலங்கி நின்றார். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. நள்ளிரவில் ரவிக்கை நனைய வியர்த்து எழுந்து, ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்திருக்கிறார். “தானாகச் சரியாகிவிடும்” என்கிறார் அப்பா. பாட்டியோ கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறார். இது வயதினால் வருவதுதானா, சிகிச்சை தேவைப்படுமா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (மகப்பேறுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்)

மகளே, நீங்கள் எழுதியிருப்பவை பெரும்பாலும் மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய காலகட்டத்தின் அறிகுறிகளாகவே தெரிகின்றன. அந்தச் சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் ஏறி, மறுமாதம் இறங்கி, தாறுமாறாக மாறுகிறது. மனநிலையைச் சமன்செய்யும் செரடோனின் போன்ற மூளை வேதிப்பொருள்களின் செயல்பாட்டையும் அது பாதிப்பதால்தான், காரணமே இல்லாமல் கோபமும் அழுகையும் மாறி மாறி வருகின்றன. இரவு வியர்வையால் தூக்கம் கெடுவது இதை இன்னும் மோசமாக்குகிறது. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்திருந்த பெண்களுக்கு இந்த வயதிலும் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதை அம்மாவிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடக் கூடாது. தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் ஏறத்தாழ இதே தோற்றத்தில் வரும். டி.எஸ்.எச். (தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய பரிசோதனைகளை முதலில் செய்துவிடுங்கள்.

பதில் 2

நானும் இதைக் கடந்து வந்தவள். எனக்குப் பேருதவியாக இருந்தது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம்: மாதவிலக்கான தேதி, முந்தைய இரவின் தூக்கம், அன்றைய மனநிலை ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி வந்தேன். தூங்காத இரவுக்கு மறுநாள்தான் கோபம் பீறிடுகிறது என்பது எழுதிப் பார்த்த பிறகே புலப்பட்டது. மாலைக் காபியை நிறுத்தியதும் கொஞ்சம் நடந்ததும் பலன் தந்தன. எனினும் வீட்டார் மாறாவிட்டால் இவற்றால் முழுப் பயன் இல்லை. அம்மா கோபப்படும் நேரத்தில் “உனக்கு ஹார்மோன் கோளாறு” என்று சொல்வதைப் போல மனத்தை நோகடிப்பது வேறொன்றுமில்லை. அவருடைய கோபத்தில் நியாயமும் இருக்கக்கூடும். அடுப்படி வேலையில் பாதியை நீங்களும் தம்பியும் இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவரிடம் போகலாம் என்றாலே “எனக்கென்ன பைத்தியமா?” என்று அழுகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில் 3

மனநல மருத்துவர் என்று தொடங்காதீர்கள். மாதவிலக்கு தவறுவதற்காகவும் வியர்வைக்காகவும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொன்னால் தயக்கம் குறையும். அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுசெல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேசுவார். மார்பகப் புற்றுநோயோ இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைப்போ முன்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அப்படிப்பட்டவர்களுக்கு அச்சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இரண்டு நிலைகளில் மட்டும் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்து கிடந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மாறாக, சில நாள்கள் தொடர்ந்து மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசி, கணக்கின்றிச் செலவழித்தால், அது அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் மனநல மருத்துவரே தேவை. “நான் இருந்து என்ன பயன்?” என்ற பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். அம்மா தயங்கினாலும், முதலில் நீங்களே அழைத்து ஆலோசனை கேட்கலாம்.