பெர்ஹெந்தியானில் அம்மா கேட்ட மூச்சு

மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பெர்ஹெந்தியான் தீவுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் கடலாமை கண்ணில் பட்டது. ஆனால் முதல் தடவை நடந்ததை ஆமை பார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. ஆமையைத் துரத்தினோம், அவ்வளவுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018ல் வேலை இடத்துத் தோழிகள் ஆறு பேர் சேர்ந்து போனோம். தீவில் தங்குகிறவர்கள் எல்லோரும் எடுக்கிற அதே படகுச் சுற்றுதான். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் ஆமை வரும் இடம், சுறா வரும் இடம், பவளப்பாறை, அப்புறம் மீன்பிடி கிராமத்தில் மதியச் சாப்பாடு, மாலைக்குள் திரும்பிவிடலாம். படகோட்டி எஞ்சினைக் குறைத்து, எழுந்து நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவர் திடீரென்று "பென்யு! பென்யு!" என்று கத்தினார். பென்யு என்றால் மலாயில் கடலாமை. நாங்கள் குதித்தோம். சுற்றிலும் இருந்த ஏழெட்டுப் படகுகளிலிருந்தும் ஆட்கள் குதித்தார்கள். தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் மணலும் கலங்கலும் மற்றவர்களின் கால்களும்தான் தெரிகின்றன, அதற்கு நடுவே கீழே ஓர் ஆமை. அது மேலே வரப் பார்த்தது. மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் கூரை போட்டது மாதிரி மிதந்துகொண்டிருந்தன. பாதி வந்துவிட்டுத் திரும்ப இறங்கியது. இன்னொரு பக்கம் போய் ஏறப் பார்த்தது, கூட்டமும் அந்தப் பக்கம் நகர்ந்தது. மூன்று முறை இப்படி நடந்ததை நான் எண்ணினேன். எண்ணிக்கொண்டே படமும் எடுத்தேன். எங்களை அழைத்துப்போனவர் கீழே முங்கி அதன் ஓட்டைத் தொட்டுக் காட்டினார், எங்கள் படகில் எல்லோரும் கைதட்டினோம்.

வீட்டுக்கு வந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஓட்டின் பின்பக்கம் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று தெரிந்தது. நேராக, ஆழமாக, படகு விசிறி பட்டது மாதிரி. அந்தப் படங்களை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். தூங்கும்போது மணிக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் இருக்கும், ஆனால் மேயும்போதும் பயந்து நீந்தும்போதும் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும், சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மேலே வந்தே ஆக வேண்டும். அப்போது மேலே நாம் கூட்டமாக நின்றால் அது என்ன செய்யும்? இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

போன வருடம் ஜூன் மாதம் அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்கு 67 வயது. நீச்சல் தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை. ஆனாலும் ஆமை பார்க்கப் போகலாமா என்று கேட்டது அம்மாதான். அதற்குக் காரணம் ரந்தாவ் அபாங்.

மலேசியாவில் வளர்ந்த கொஞ்சம் வயதானவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். திரங்கானு மாநிலத்தில் டுங்குன் பக்கத்தில் இருக்கும் கடற்கரை. தோல்முதுகு ஆமை முட்டையிட வரும் இடங்களில் உலகத்திலேயே பேர்போன ஒன்றாக ஒரு காலத்தில் இருந்தது. மலாய்க்காரர்கள் அதை பென்யு பெலிம்பிங் என்பார்கள். பெலிம்பிங் என்றால் விளிம்பு விளிம்பாக இருக்குமே அந்த நட்சத்திரப் பழம், ஆமையின் முதுகிலும் அதே மாதிரி நீள வரிகள் இருக்கும். 1950களில் அந்த ஆமைகள் அங்கே வருடத்துக்குச் சுமார் 10,000 கூடுகள் போட்டன. இன்றைக்கு அநேகமாக ஒன்றுமில்லை. முட்டைகளை வருடக்கணக்காகத் தோண்டி எடுத்து விற்றோம், கடலுக்குள் மீன் வலையில் மாட்டியும் செத்தன. அப்படித்தான் போனது.

அம்மாவும் அப்பாவும் 1984ல் சுங்கை சிப்புட்டிலிருந்து தோட்டத்து ஆட்களோடு பஸ் பேசிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்கள். ராத்திரி கரையில் உட்கார்ந்து காத்திருந்து, ஒரு ஆமை ஏறி வந்ததும் எல்லோரும் டார்ச் அடித்துக்கொண்டு ஓடினார்களாம். அப்பா என் அண்ணனைத் தூக்கி அதன் முதுகில் உட்கார வைத்தார். அண்ணனுக்கு அப்போது நாலு வயது. அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள், பெரியவர்களே ஏறி நின்றிருக்கிறார்கள். ஊர் திரும்பும்போது பாசார் பாயாங் சந்தையில் ஒரு பை முட்டையும் வாங்கினார்கள்.

அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது அழுகை இல்லை, உடம்பில் சேரும் உப்பை ஆமை கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றும் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அம்மா தலையாட்டுவார், ஆனால் ஏற்றுக்கொண்டதில்லை. இன்னொன்று, அதன் மூச்சு. "பிள்ள பெத்தவ பெருமூச்சு விடுற மாதிரி இருந்துச்சுடி" என்பார். அப்பா போன பிறகு இதை அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார்.

ஈப்போவிலிருந்து விடிவதற்கு வெகு முன்பே கிளம்பி, கிரிக், ஜெலி வழியாகக் காட்டுப்பாதையில் காரை ஓட்டி, கோலா பெசுட் படகுத்துறைக்குக் காலையிலேயே போய்விட்டோம். அங்கிருந்து தீவுக்கு வேகப்படகில் முக்கால் மணி நேரத்துக்குள்தான். ஆனால் வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள், படகின் முன்பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், அலை மேல் தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பு போய்விடும். பின்பக்கம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தம் மட்டும்தான்.

இந்தத் தடவை பொதுப் படகுச் சுற்றில் சேரவில்லை. தங்கிய இடத்தில் வேலை செய்யும் அக்காவிடம் விசாரித்து, ஆமையைத் தொடவிடாத வழிகாட்டி யார் என்று கேட்டேன். தீவுக்காரர் ஒருவரைச் சொன்னார்கள், முப்பது வயதுக்குள் இருப்பார். மறுநாள் காலை ஏழரைக்கே போகலாம் என்றார் அவர். மற்ற படகுகள் வருவதற்குள் முடித்துவிடலாம், காற்றும் ஏறியிருக்காது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார். படகில் ஏறியதும் எஞ்சினைக் கிளப்பாமல் முதலில் பேசினார். "ஜாங்கான் கெஜார். துங்கு." துரத்தாதீர்கள், காத்திருங்கள். ஆமைக்குப் பின்னாலும் நேர் மேலேயும் போகக் கூடாது, பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும், அது தலையைத் தூக்கினால் அசையவே கூடாது, விலகி வழி விட வேண்டும். அம்மாவுக்கு மலாய் நன்றாக வரும். கடைசியில் எல்லாவற்றையும் எனக்கு ஒருமுறை தமிழில் திருப்பிச் சொன்னார், எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று.

மாஸ்க் போடும்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. அந்தக் கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடும். அம்மாவின் மூக்குத்தி உள்ளே அழுத்தி வலித்தது, கழற்றவும் அவருக்கு இஷ்டமில்லை. வழிகாட்டி படகுப் பெட்டியைத் துழாவி மூக்குப் பக்கம் அகலமான வேறொன்றை எடுத்துக் கொடுத்தார், சரியாகப் பொருந்தியது. நெற்றி முடி ஒன்று ரப்பருக்கு அடியில் மாட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும், அதனால் அம்மாவின் முடியை இறுக்கிப் பின்னி விட்டேன். உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் கண்ணாடியில் ஆவி படியாது. சன்ஸ்க்ரீன் தேய்ப்பதற்குப் பதில் இரண்டு பேரும் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டோம், கண்ணுக்குத் தெரியாத ஜெலிமீன் கொட்டுவதற்கும் அதுதான் பாதுகாப்பு.

பெர்ஹெந்தியான் என்பது பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவுகள். பெரிய தீவுக்கு முன்னால் கடற்புல் வளர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. பச்சை ஆமைகள் அங்கே மேய வரும். ஓடு பச்சையாக இருக்காது, பழுப்புதான், உள்ளே இருக்கும் கொழுப்பின் நிறத்தால் வந்த பெயர். குட்டியாக இருக்கும்போது எது கிடைத்தாலும் தின்னும், வளர்ந்த பிறகு புல்லும் பாசியும்தான். அன்றைக்கு எங்கள் படகு மட்டும். எஞ்சினைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு வழிகாட்டி முதலில் இறங்கினார், ஒரு மிதவை வளையத்தைப் போட்டு அம்மாவைப் பிடிக்கச் சொன்னார். அம்மா ஏணியில் கடைசிப் படியில் நின்று இரண்டு நிமிடம் தண்ணீரைப் பார்த்தார். "பெலான் பெலான், மக்சிக்" என்றார் அவர். மெதுவாக, அத்தை. அம்மா இறங்கினார். வளையத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தார். முதல் மூச்சில் பயந்து நிமிர்ந்தார், இரண்டாவதில் இருமினார், மூன்றாவதில் பழகிவிட்டது. வழிகாட்டி கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்துப் போனார், நான் பக்கத்திலேயே நீந்தினேன்.

இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. மணல், புல், ஒரு திருக்கை. அப்புறம் அவர் கை காட்டினார்.

நாலைந்து மீட்டர் ஆழத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. முன்துடுப்புகளை மணலில் ஊன்றி, ஆடு மாதிரியே தலையை ஒரு பக்கம் சாய்த்துப் புல்லைக் கடித்து இழுக்கும். வாயைச் சுற்றிச் சின்ன மீன்கள், ஓட்டின் மேல் ஒட்டுமீன் இரண்டு. நாங்கள் மூன்று பேரும் தள்ளி மிதந்துகொண்டிருந்தோம். அது எங்களைப் பார்த்தது, கண் எங்கள் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன், பிறகு மேய்ச்சலைத் தொடர்ந்தது. 2018ல் நான் பார்த்த ஆமையின் முகம் எனக்கு ஞாபகமே இல்லை, அது எந்நேரமும் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. இதன் முகத்தை இப்போதும் வரையச் சொன்னால் வரைவேன். கண்ணுக்குப் பின்னால் கன்னத்தில் இருக்கும் செதில்களின் அமைப்பு ஒவ்வொரு ஆமைக்கும் வேறு வேறு, நம் கைரேகை மாதிரி. பெர்ஹெந்தியானில் ஆமைகளைக் கணக்கெடுப்பவர்கள் அந்தப் பக்கவாட்டுப் படத்தை வைத்துத்தான் எது எது என்று அடையாளம் காண்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கியது. வழிகாட்டி உள்ளங்கையைக் காட்டினார், அசையாதீர்கள். துடுப்பை இரண்டு தடவைதான் அடித்தது, ஏறி வந்தது. அம்மா இருந்த பக்கமே வந்தது. வளையத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி அதன் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. அம்மாவும் அதே நேரம் முகத்தைத் தூக்கிவிட்டார். அது வாயைத் திறந்து மூச்சு விட்டது. ஃபூ என்று ஒரு சத்தம், கனமாக. இன்னொரு தடவை. அப்புறம் தலையைச் சாய்த்துக் கீழே போய்விட்டது. எல்லாம் பத்து நொடிக்குள்.

அம்மா மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் தண்ணீர், அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அதே சத்தம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மேலும் அரை மணி நேரம் அதே ஆமையோடு இருந்தோம், அது இன்னும் மூன்று தடவை மேலே வந்து போனது. ஒன்பதரைக்கு முதல் கூட்டப் படகு தூரத்தில் தெரிந்ததும் வழிகாட்டி போதும் என்று ஏறச் சொல்லிவிட்டார். சுறா வரும் இடத்துக்கும் அப்புறம் போனோம். கருமுனைச் சுறா இரண்டு எனக்குத் தெரிந்தன, அம்மா படகிலேயே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் அம்மா வழிகாட்டியிடம் இன்னும் சந்தையில் முட்டை விற்கிறார்களா என்று கேட்டார். திரங்கானுவில் 2022லிருந்து எந்த ஆமை முட்டையையும் விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, தோல்முதுகு ஆமைக்கு மட்டும் தடை அதற்கு முன்பே இருந்தது என்று அவர் சொன்னார். தன் பாட்டியும் சின்ன வயதில் முட்டை பொறுக்கியவர்தான் என்றும் சொன்னார். நானும் வாங்கித் தின்றிருக்கிறேன் என்றார் அம்மா. அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் இரண்டு பேரும் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழைக்காலம், தீவு அநேகமாக மூடிவிடும். ஏப்ரலுக்குப் பிறகு போங்கள். படகு பேசும்போதே கேளுங்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எத்தனை பேர், ஆமையைத் தொடுவீர்களா என்று. கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டு "தொடலாம் தொடலாம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கூடவே போகிற நம் ஆட்களிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஆமையைப் பார்த்த பிறகு யார் காதிலும் ஒன்றும் ஏறாது.

அன்று ராத்திரி அம்மா அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணனுக்கு ரந்தாவ் அபாங் ஒன்றுமே ஞாபகம் இல்லை, முதுகில் உட்கார்ந்த படம் மட்டும்தான் ஆல்பத்தில் இருக்கிறது. படகு, தீவு, சாப்பாடு எதையும் சொல்லாமல் அம்மா நேராக அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினார். அந்தப் பக்கம் அண்ணன் என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா போனை வாய்க்கு இன்னும் கிட்டே வைத்துக்கொண்டு இன்னொரு தடவை செய்து காட்டினார்.