புதுப்பிப்பு: படகு விளிம்பில் உரிந்த வார்னிஷ்

போன மாசம் கேட்டிருந்தேன்: பேராக் மாநிலத்து உத்தான் மெலிந்தாங்கில் அப்பாவின் மீன்பிடிப் படகு, செங்கால் (chengal) என்ற கடின மரத்தில் விளிம்பு, வார்னிஷ் அடித்து நாலே மாசத்தில் மீன் செதில் மாதிரி உரிகிறது, என்ன செய்ய? பாதிப் பேர் மேலேயே இன்னொரு கோட் அடி என்றீர்கள், மீதிப் பேர் மொத்தமாகச் சுரண்டு என்றீர்கள். சுரண்டச் சொன்ன கட்சிதான் ஜெயித்தது.

சுரண்டும்போதுதான் புரிந்தது, உரிசல் எல்லாம் தொடங்கிய இடம் கயிறு கட்டும் கட்டையின் போல்ட் துளைகள். போல்ட்டைக் கழற்றினால், சுற்றிலும் மரம் இருபது காசு நாணயத்தின் அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. தண்ணீர் அங்கே நுழைந்து வார்னிஷை அடியிலிருந்து தூக்கியிருக்கிறது.

கறுப்புக்கு ஆக்சாலிக் அமிலம் தடவி (கையுறை, மூக்குக் கவசம் கட்டாயம்), நன்றாகக் கழுவி, நாலு நாள் காயவிட்டேன். முன்பு அடித்தது வீட்டுக் கதவு வார்னிஷ், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சக்தி கிடையாது. இப்போது படகு வார்னிஷ். முதல் கோட்டில் தின்னர் பாதிக்குப் பாதி, பிறகு ஐந்து கோட், நடுநடுவே 320 நம்பர் சேண்ட்பேப்பரால் தேய்ப்பு.

பனி காய்ந்ததும் ஆரம்பித்து பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நாலாவது கோட்டில் பேராசைப்பட்டு மதியம் அடித்தேன், மழை வந்தது, பால் மாதிரி வெளுத்துப் போச்சு. தேய்த்துவிட்டு மறுபடி.

போல்ட்டுகளை, துளையில் தண்ணீர் நுழையாதபடி அடைக்கும் சீலன்ட் வைத்துத்தான் இறுக்கினேன். அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "துரை பங்களா மேசை மாதிரி இருக்குடா, இதுல எப்படி மீன் வெட்டுறது?" என்றார்.