ரம்புட்டான் சிவப்பு பிரிண்டில் செங்கல் நிறமாக வருகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

ஹட்டன்_தூறல்:
இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் டவுனில் நடைபாதையில் கூறு கட்டி விற்கிறார்களே, அந்தப் பழங்களை இரண்டு வருடமாக வாட்டர்கலரில் வரைந்து வைத்திருக்கிறேன். ரம்புட்டான், பேரிக்காய், பட்டர்புரூட், பாஷன்புரூட், மரத்தக்காளி என்று மொத்தம் ஒன்பது. சீசன் வாரியாக ஏ3 பிரிண்ட் போட்டு விற்கலாம் என்று ஒரு கடையில் சோதனைக்கு ஒன்று எடுத்தால், ரம்புட்டான் செங்கல் மாதிரி வந்து நிற்கிறது. போனில் பிடித்த படம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், பட்டர்புரூட் படத்துக்குக் கீழே எந்தப் பெயரைப் போடுவது என்று வீட்டில் ஒரே சண்டை.

பதுளை_மை:
தங்கச்சி, போன் பாதிக் காரணம். ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் படம் 3508க்கு 4961 பிக்சல் இருக்க வேண்டும், 12 மெகாபிக்சல் போன் அவ்வளவு தராது. போதாததற்கு பல்பு வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் வேறு ஏறும். ஏ4 ஸ்கேனர் போதும், இரண்டு பாதியாக ஸ்கேன் பண்ணி ஒட்டுங்கள். மீதிக் காரணம் மை. திரை ஒளியில் காட்டும் பளீர் நிறம் எல்லாவற்றையும் நாலு மையால் தாளில் கொண்டுவர முடியாது, பளிச்சென்ற இளஞ்சிவப்புதான் முதலில் அடிவாங்கும். கூடுதல் மை போடும் இங்க்ஜெட் இருக்கிற இடமாகத் தேடுங்கள். முழுத்தாள் அடிக்குமுன் பழத்தில் ஒரு துண்டை மட்டும் அடித்து, வெயிலில் வைத்து ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நுவரெலியா_அக்கா:
நிறத்தைவிட எனக்கு ஈரமும் பூஞ்சணமும்தான் பயம். எங்கள் கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, பிரித்தபோது வீட்டுக்காரரின் பாதி மீசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. பிரேம் போட்டு விற்பதானால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையை வைத்து இடைவெளி விடு. ஈரச் சுவரில் மாட்டாதே என்று வாங்குகிறவர்களிடமும் சொல்லிவிடு.

வெலிமடை_வாசி:
ரம்புட்டான் நம் குளிருக்குக் காய்க்காது, ஜூன் ஜூலையில் மல்வானை மாதிரி கீழ்ப்பக்கத்திலிருந்து வருவது. அதை விடச் சொல்லவில்லை, ஆனால் முதல் படமாகப் பேரிக்காயை வை, அது நம் மண்ணில் விளைவது. இன்னொன்று, பழத்தைத் துடைத்து வெள்ளைப் பின்னணியில் தனியாக வைக்காதே, அப்படி எந்த ஊரிலும் வரையலாம். ரம்புட்டானை எண்ணித்தானே விற்கிறார்கள்? கணக்குக் குறைந்தால் பக்கத்துக் கொத்திலிருந்து இரண்டைப் பிய்த்துப் போடும் கை, சாக்கில் சிதறிக் கிடக்கும் இலை, வெடித்த ஒரு பழம், அதையெல்லாம் வரை.

பெயர் விஷயம் சுவாரசியமானது. சிங்களத்தில் பேர என்றால் கொய்யா. பட்டர்புரூட்டுக்கு அலிகேட்டர் பேர் என்ற இங்கிலீஷ் பெயர்தான் சிங்களத்தில் அலிகெட்டபேர ஆகி, சுருங்கி அலிபேர ஆயிற்று. அலி என்றால் யானை! தமிழில் ஆனைக்கொய்யா என்பதும் அதேதானே.

ஹட்டன்_தூறல்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு பாதியாக ஸ்கேன் பண்ணிவிட்டேன், ஒட்டிய கோடு தெரியவில்லை. ரம்புட்டானை மட்டும் சாக்கோடு திரும்ப வரையப் போகிறேன். ஆனைக்கொய்யா என்றே போடுவதாக முடிவு. அம்மாவுக்குத்தான் சம்மதமில்லை. "கடையில போயி ஆனைக்கொய்யா ஒரு கூறு எவ்வளவுன்னு கேட்டுப் பாரு, அந்த ஆள் உன்னைய மேலயும் கீழயும் பார்ப்பான்" என்கிறார்.