ஒரே அர்த்தம்னு நம்பி மாட்டிக்கிட்ட ஆங்கிலச் சொற்கள்: உங்க அனுபவம்?

தும்பி:
நாலு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. ஆன்லைன் மீட்டிங். வெளிநாட்டு டீம்ல ஒருத்தங்க தன்னோட கணக்கை விளக்கி முடிச்சாங்க. நான் மைக்கை ஆன் பண்ணி, "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் நம்பர்ஸ்"னேன். எனக்கு ஒரு வரி புரியலை, அவ்வளவுதான். கணக்கு மேல நம்பிக்கை இல்லைன்னு எடுத்துக்கிட்டாங்க போல, சட்டுனு அவங்க முகம் இறுகிடுச்சு. எந்தத் தரவை எங்கே எடுத்தேன், யார் சரிபார்த்தாங்கன்னு பத்து நிமிஷம் விடாம விளக்கம். குரல் லேசா நடுங்குச்சு. 'குவெஸ்சன்'னு சொல்லியிருந்தா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

மழைக்காகம்:
எனக்கு 'ஹார்ட்லி'. என்கிட்ட வேலை பார்த்த தம்பிக்குச் சிபாரிசுக் கடிதம். கடுமையா உழைப்பான்னு நினைச்சு 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்'னு எழுதிட்டேன். வேலையே பார்க்க மாட்டான்னு அர்த்தம் ஆகுது. 'ஹார்ட்'டோட நிறுத்தியிருக்கணும். அனுப்புறதுக்கு முன்னாடி அவன்கிட்ட காட்டினேன், நல்லவேளை. படிச்சுட்டு, "அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?"னான். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

கற்றதுகையளவு:
தும்பி, நீங்க சொன்னது தப்பே இல்லை. இந்திய ஆங்கிலத்துல 'டவுட்'டுக்குக் கேள்விங்கிற அர்த்தமும் உண்டு. கேட்டவங்களுக்கு அந்த வழக்கு தெரியலை. தமிழ்ல யோசிச்சுப் பேசுறதால வர்ற வினைன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நன்னூல் வினாவை ஆறாப் பிரிக்குது. தெரியாததைத் தெரிஞ்சுக்கக் கேட்டா அறியா வினா. பாம்பா, கயிறான்னு தடுமாறினா ஐய வினா. 'டவுட்' இந்த ரெண்டாவது வகை. அதோட லத்தீன் வேர்லயே 'ரெண்டு'ங்கிற சொல் இருக்கு, மனசு ரெண்டுபட்டு நிக்கிறது. நாமதான் பேச்சுல 'சார், ஒரு சந்தேகம்'னு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டோம். அதனால வாய் திறக்கும் முன்னாடி உங்களையே கேளுங்க: எனக்குத் தெரியலையா, இல்லை நம்பிக்கை வரலையா? தெரியலைன்னா 'குவெஸ்சன்'. இன்னும் நிறைய இருக்கு. நமக்கு 'நிழல்' ஒண்ணுதான், அங்கே மரத்தடியில ஒதுங்குற நிழல் 'ஷேட்', தரையில விழுற உருவம் 'ஷேடோ'. 'ஞாபகம்' விஷயத்துல, நீங்களா நினைச்சா 'ரிமெம்பர்', அடுத்தவங்க நினைவுபடுத்தினா 'ரிமைண்ட்'. ஒரு நோட்டுல ஜோடி ஜோடியா எழுதி வைங்க, தினம் ரெண்டு போதும். என் அனுபவம்னா, பேனா கேட்கப் போய் இரவல் கொடுங்கிற 'லெண்ட்'டுக்குப் பதிலா, இரவல் வாங்குங்கிற 'பாரோ'வைப் போட்டு 'பாரோ மீ'னுட்டேன்.

அரைநிலா:
வேலைக்குப் புதுசா வந்த பொண்ணுகிட்ட 'சப்மிட் அன்டில் ஃப்ரைடே'ன்னு எழுதிட்டேன். வெள்ளிக்குள்ள ஒரு தடவை கொடுன்னு அர்த்தம் வச்சு எழுதினது. அதுக்கு 'பை ஃப்ரைடே'ன்னு வரணும். வெள்ளி வரைக்கும் கொடுத்துக்கிட்டே இருக்கணும்னு எடுத்துக்கிட்டு, பாவம், தினம் ராத்திரி ஒரு அறிக்கை அனுப்பினா. நாலு அறிக்கை வந்த பிறகுதான் எனக்கு உறைச்சுது.

தும்பி:
கற்றதுகையளவு, தமிழ் மேல நான் பழி போடவே இல்லையே. ஐய வினா விளக்கம் சரிதான். ஆனா வழக்கு தெரியாதது அவங்க குறைன்னு சொல்றதை ஏத்துக்க முடியலை. காயப்பட்டது அவங்க. அவங்க வேற டீமுக்குப் போயிட்டாங்க. போறதுக்கு முன்னாடி நான் ஒரு மெயில் போட்டிருக்கலாம்.