பயிற்சித்தாளைக் கடினமான எழுத்துருவில் அடிக்கலாமா?

ஈசூன்_வாத்தியார்:
தொடக்கநிலை 6 துணைப்பாடத்துக்குத் தாள் அடிப்பவர்கள், கண் வழுக்கி ஓடாத எழுத்துருவுக்கு மாறுங்கள். வாசிப்பு மெதுவானால் பொருள் பதியும். 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சாம்பல் நிறக் காமிக் சான்ஸ், போடோனி எழுத்துகளில் படித்தவர்கள் 15 நிமிடம் கழித்து 86.5% சரியாகச் சொன்னார்கள். எளிதாகப் படிக்கக்கூடிய 16 பாயின்ட் ஏரியல் எழுத்துருவில் படித்தவர்கள் 72.8%தான். மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் 2018இல் சான்ஸ் ஃபர்கெட்டிகா என்ற எழுத்துருவை வெளியிட்டதும் இதே நம்பிக்கையில்தான். எழுத்து இடப்பக்கம் சாயும், கோடு நடுநடுவே அறுந்திருக்கும்.

தேக்கா_அச்சுக்கோப்பு:
சார், அதே எழுத்துருவை வாரிக், வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 882 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். படிக்கக் கடினம் என்றார்கள், நினைவு கூடவில்லை. சொல் இணைகளை நினைவுகூரும் சோதனையில் ஏரியலைவிடக் குறைந்தேபோனது.

தமிழில் சேதம் இன்னும் அதிகம். 'கொடு', 'கோடு' இரண்டும் பிரிவது கொம்பின் தலையிலுள்ள ஒரு சுழியில். 'எடு', 'ஏடு' பிரிவது அடியிலுள்ள சாய்கோட்டில். அந்த இடத்தில் கோட்டை அறுத்தால் பிள்ளை வேறு சொல்லைப் படிக்கும். சாம்பல் நிறமும் வேண்டாம். லேசர் அச்சுப்பொறி சாம்பலைப் பொடிப்பொடிப் புள்ளிகளாகத்தான் அடிக்கும். நகலெடுத்தால் மெல்லிய கோடு உடையும், மெய்யின் புள்ளி மறையும், 'கல்' 'கல' ஆகிவிடும்.

ஈசூன்_வாத்தியார்:
முழுத் தாளும் வேண்டாம், பத்திக்கு ஒரு வரி? தனித்துத் தெரிவது மனத்தில் நிற்கும் என்று உளவியலாளர் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933இலேயே காட்டிவிட்டார்.

தேக்கா_அச்சுக்கோப்பு:
அதற்குத் தடித்த எழுத்து போதும். ஆனால் தடித்த வடிவம் தனியாக வரையப்பட்ட எழுத்துருவாகப் பாருங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி. அது இல்லாவிட்டால் மென்பொருள் கோட்டை ஊதிப் பருக்கவைக்கும், ண, ன சுழிகள் அடைந்து 'பணி', 'பனி' குழம்பும். வரி இடைவெளி 1.5 வையுங்கள். நெருக்கினால் மேல்வரி 'ழு'வின் கால் கீழ்வரி 'தீ'யின் சுழியில் முட்டும்.

பொங்கோல்_அம்மா:
வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பே மெதுவாகத்தான் வருகிறது. அதற்கு மேலும் எதற்குத் தடை? தாளில் சொல் இடப்பக்கம், பொருள் வலப்பக்கம். நெட்டாக மடித்துப் பொருளை மறைத்துச் சொல்லவிடுங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் 2006 ஆய்வில் 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்தவர்கள் முந்தினார்கள்.

ஈசூன்_வாத்தியார்:
மடிப்பை ஏற்கிறேன் அம்மா. ஆனால் 2011 ஆய்வின் இரண்டாம் பகுதி ஒஹாயோ உயர்நிலைப் பள்ளியில், 222 மாணவர்களின் உண்மையான பாடங்களில் நடந்தது. அதிலும் கடின எழுத்துருக்காரர்களே மேல்.

தேக்கா_அச்சுக்கோப்பு:
அவர்கள் படித்தது தங்களுக்குச் சரளமாக வரும் மொழியில், சார். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் அப்படியா?