பேஸ்மென்ட்டில் ஒரு மூலைதான் ஒழுகுகிறது, 4,000 டொலரிலிருந்து 29,000 வரை கேட்கிறார்கள். எது நியாயம்?

பேர்ச்மவுண்ட் வீட்டுக்காரன்:

வணக்கம். ஸ்காபரோவில் 1962இல் கட்டிய பங்களா, நாங்கள் வாங்கி மூன்று வருடம். அடிச்சுவர் புளொக் சுவர். இந்த ஏப்ரலில் பனி உருகிய கிழமை, பின்பக்க இடது மூலையில் சுவரும் தரையும் சேரும் இடத்தால் தண்ணீர் வந்து கார்பெட் பாதி நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பெரிய மழை, இரண்டு தடவையும் மழை தொடங்கி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அதே மூலை. கீழே வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை. காசைவிட அந்தப் பிள்ளை பூஞ்சணக் காற்றைச் சுவாசிக்கக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

மூன்று பேரைக் கூப்பிட்டு எஸ்டிமேட் எடுத்தேன். முதலாமவர் உள்ளே சுவரைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, ஏதோ பூச்சு பூச 4,000. இரண்டாமவர் உள்ளே மூன்று பக்கமும் தரையை உடைத்து 70 அடிக்குக் குழாய் போட அடிக்கு 120, குழியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப்புக்கு 2,800, ஆக 11,200, வரியோடு 12,656. மூன்றாமவர் வெளியே நாலு பக்கமும் தோண்ட வேண்டும் என்கிறார். 130 அடி, அடிக்கு 200, வரியோடு 29,380. இன்றைக்கே கையெழுத்து வைத்தால் 2,000 குறைப்பாராம். ஒருவரும் வீட்டில் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. எந்த விலை நியாயம் என்று எதை வைத்துச் சொல்வது?

கிடங்கு வெட்டுகிறவன்:

தம்பி, நான் இந்த வேலையில் 17 வருடம். நீங்கள் வாங்கியிருப்பது மூன்று வேறு வேலைகளின் விலை, அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும்.

4,000 டொலர் வேலையை இப்போதே விட்டுவிடுங்கள். புளொக் கல்லின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் தண்ணீர் அதற்குள் நிறைந்து நிற்கும். உள்பக்கம் என்ன பூசினாலும் பின்னால் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒன்றிரண்டு வருடத்தில் பூச்சு கொப்பளித்து உரிந்து வெள்ளை உப்பு பூக்கும். வார்த்த கொங்கிரீட் சுவரில் ஒரே ஒரு வெடிப்பு என்றால் கதை வேறு, வெடிப்புக்குள் பொலியூரதேன் பசையை ஊசியால் ஏற்றி சில நூறு டொலரிலோ ஆயிரம் சொச்சத்திலோ முடிக்கலாம். உங்கள் சுவருக்கு அது சரிவராது.

உள்ளே குழாய் போடுவது வரும் தண்ணீரைப் பிடித்து பம்ப் வழியாக வெளியே அனுப்பும் வேலை. அறை காயும், சுவர் ஈரமாகவே இருக்கும். வெளியே தோண்டுவதுதான் தண்ணீரைச் சுவருக்கு வராமல் மறிப்பது. அத்திவாரத்தின் அடிவரை தோண்டி, சுவரைக் கழுவி, சீமெந்து பூசி, தண்ணீர் புகாத மெம்பிரேன் தாள் ஒட்டி, அதன் மேல் குமிழ்த் தகடு அடித்து, கீழே புதிதாக வீப்பிங் டைல், அதாவது அத்திவாரத்தடித் தண்ணீரை வடிக்கும் குழாய், வைத்து கல் நிரப்ப வேண்டும். உங்கள் வீட்டு வயதுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் களிமண் குழாய், துண்டு துண்டாக வைத்தது. அறுபது வருடத்துச் சேறும் மரவேரும் அதற்குள் அடைத்திருக்கும்.

இப்போது அந்த 29,000ஐப் பாருங்கள். அடிக்கு 200 அதிகமே இல்லை, நானே அதைவிடக் கூடக் கேட்பேன். அதிகமாக இருப்பது அடிக்கணக்கு. ஒரு மூலையில்தான் ஒழுக்கு, மற்றச் சுவர்களில் உப்புத் தடம்கூட இல்லை என்றால் எதற்கு 130 அடி? அந்த மூலையின் இரண்டு பக்கமும் சேர்த்து 35, 40 அடி போதும். மிச்சத்தைப் பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம்.

எஸ்டிமேட்டில் எழுதாமல் விடுவதுதான் பிறகு காசைத் தின்னும். டெக் இருந்தால் அந்த மரத்தளத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டுவது யார், நடைபாதைக் கொங்கிரீட்டை உடைத்தால் திரும்ப ஊற்றுவது யார், மிஞ்சும் மண்ணை ஏற்றுவது யார், மூடிய மண் வருடத்துக்குள் பதியும்போது வந்து நிரப்புவார்களா, வீட்டை விற்றால் உத்தரவாதம் வாங்குகிறவருக்குப் போகுமா, இதெல்லாம் எழுத்தில் வேண்டும். டபிள்யூ.எஸ்.ஐ.பி. கிளியரன்ஸ், அதாவது வேலையாட்களுக்கான விபத்துக் காப்புறுதி ஒழுங்காக இருக்கிறது என்ற சான்று, கேளுங்கள். தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்கு அறிவித்து காஸ், மின் இணைப்புகளை அடையாளம் போடுவிக்க வேண்டும். அது சட்டம், இலவசமும்கூட. அதற்குக் காசு கேட்டால் அந்த ஆளே வேண்டாம்.

ஆனால் ஒரு சதம் கொடுக்குமுன் மழை நேரம் குடை பிடித்துக்கொண்டு அந்த மூலைக்குப் போய் நில்லுங்கள். கூரைப் பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

அஜாக்ஸ் அக்கா:

கடைசியாகச் சொன்னாரே, அதை நாங்கள் செய்யாததால் போனது 13,000 டொலர். 2019இல் ஒரு கம்பனிக்காரர் வந்து ஈரமானியைச் சுவரில் குத்தி, அது சத்தம் போட, நாங்கள் பயந்துபோய் அன்றே கையெழுத்து வைத்தோம். உள்ளே சுற்றிவரக் குழாய், பம்ப், எல்லாம் போட்டார்கள். அடுத்த வருடம் வேறு வேலைக்கு வந்த பிளம்பர்தான், செடிப் புதருக்குள் பீலிக்குழாயின் நீட்டுத்துண்டு கழன்று கிடப்பதைக் காட்டினார். கூரையின் பாதித் தண்ணீர் சுவரடியில் கொட்டியிருக்கிறது. புதுத் துண்டு 20 டொலருக்குள் வாங்கிப் பூட்டினோம், அதற்குப் பிறகு பம்ப் ஓடுகிற சத்தத்தைக் கேட்பதே அரிது. அந்தக் காசு மகளின் படிப்புக்கு வைத்தது, இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சும்மா ஈரம்தானா, ஒழுக்கா என்று சந்தேகமான இடங்களில் அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் ஒட்டிப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம், காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிபயர் இயந்திரம் போதும். சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவரால் வருகிறது.

அப்புறம், "இன்றைக்கே கையெழுத்து" என்பவருக்கு அவசரப்படாதீர்கள். ஒன்ராறியோவில் வீட்டுக்கு வந்து எழுதுவிக்கும் ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். எனக்கு அப்போது அது தெரியாது.

ஈஸ்ட் யோர்க் செமி:

வெளியே தோண்டுவதுதான் நல்லது என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மூன்று அடி. இயந்திரம் போகாது, கையால் தோண்டினால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, அடுத்த வீட்டுக்காரரும் சம்மதிக்கவில்லை. உள்ளே போட்டோம், ஆறு வருடம் காய்ந்தபடி இருக்கிறது. மின்சாரம் போனாலும் ஓட பற்றரியோடு இரண்டாவது பம்ப் வையுங்கள், பெருமழை நேரம்தான் மின்சாரமும் போகும்.

ரொறன்ரோ மாநகரின் உதவித்தொகை பற்றியும் ஒரு வார்த்தை. நான் விண்ணப்பித்தபோது சாக்கடை வீட்டுக்குள் திரும்பி வராமல் மறிக்கும் பக்வோட்டர் வால்வ், சம்ப் பம்ப், வீப்பிங் டைலைச் சாக்கடையிலிருந்து துண்டித்து மூடுவது மூன்றுக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 3,400 டொலர் வரை. சுவருக்கு மெம்பிரேன் போடுவதற்கு அதில் காசு இல்லை. தொகையும் நிபந்தனையும் மாறும், வேலை தொடங்குமுன் மாநகரத் தளத்தில் பாருங்கள். இன்சூரன்ஸும் அப்படித்தான்: சாக்கடை திரும்பி வருவதற்குத் தனியாகச் சேர்த்து எடுத்திருந்தால் கிடைக்கும், சுவரால் மெல்ல மெல்லக் கசிவதற்குப் பொதுவாகக் கிடைக்காது. 2024 ஜூலை 16 மழைக்கு எங்கள் தெருவில் பலருக்குத் தரைச் சாக்கடையால் தண்ணீர் வந்தது, அதற்கு வெளிச்சுவரில் எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. உங்களுக்குத் தரைச் சாக்கடையால் வரவில்லைத்தானே?

பேர்ச்மவுண்ட் வீட்டுக்காரன்:

இல்லை, தரைச் சாக்கடை காய்ந்தேதான் இருக்கிறது.

சனிக்கிழமை மழையில் போய் நின்றேன். பீலிக்குழாய் அந்த மூலையில் சுவரிலிருந்து ஒரு அடியில் கொட்டுகிறது, டெக்குக்குக் கீழே மண்ணும் வீட்டுப் பக்கம் சரிந்து கிடக்கிறது. அன்றே ஆறு அடிக்கு நீட்டி, மண் போட்டு உயர்த்தினேன், 60 டொலர். அதற்கு அடுத்த மழைக்குத் தரையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் கீழிருந்து இரண்டாவது வரிப் புளொக் இன்னும் ஈரம். ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பைப்பைச் சுவரடியில் ஒன்றரை மணித்தியாலம் விட்டுப் பார்த்தேன், திரும்ப ஒழுகியது. ஆகவே சுவரிலும் பிழை இருக்கிறது.

நாலாவதாக ஒருவரைக் கூப்பிட்டேன், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று பார்த்தார். மூலையின் இரண்டு பக்கமும் 38 அடி, அடிக்கு 225, அதாவது 8,550. டெக் கழற்றிப் பூட்ட 900. வரியோடு 10,678. மண் ஏற்றுவதும் ஒரு வருடத்துக்குள் வந்து நிரப்புவதும் எழுத்தில் தந்திருக்கிறார். உள்ளே குழாய் போடச் சொன்ன 12,656ஐவிட இது குறைவு என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. வாடகைக் குடும்பத்துக்கு வேலை முடியும்வரை மேல்தளத்தில் ஒரு அறை கொடுத்துவிட்டோம், கார்பெட்டையும் வெட்டி எறிந்தாயிற்று.

கிடங்கு வெட்டுகிற அண்ணை, இன்னும் ஒரு கேள்வி. 38 அடிக்கு மட்டும் புது வீப்பிங் டைல் வைத்தால் அதன் முனையைப் பழைய களிமண் குழாயோடு சேர்ப்பாராம். பழையது அடைத்திருந்தால்?

கிடங்கு வெட்டுகிறவன்:

நல்ல கேள்வி. சேர்க்குமுன் பழைய குழாய்க்குள் கமரா விட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் சேர்க்கலாம். அடைப்பென்றால் அந்த முனையை உள்ளே கொண்டுவந்து ஒரு சம்ப் குழியில் விட வேண்டும், இன்னும் 2,500, 3,000 போகும். அந்த விலையை "தேவைப்பட்டால்" என்று ஒப்பந்தத்திலேயே இப்போது எழுதுவித்துக்கொள்ளுங்கள். கிடங்கு திறந்து கிடக்கும்போது பேரம் பேச முடியாது தம்பி. மெம்பிரேன் ஒட்டியதும் மூடுமுன் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.